தோளில் அறுந்த நாண்



புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்துக் கடற்கரையில் அதிகாலையில் நின்றால், வீச்சுவலை எறியும் மீனவரைக் காணலாம். வலையை மடித்துத் தோளில் ஏந்தி, உடலைத் திருப்பி, கையை உயர்த்தி அவர் வீசும் அந்தக் கணத்திலே மனிதத் தோளின் ஆற்றல் முழுவதும் வெளிப்படுகிறது. கரும்பலகையின் உச்சியில் எழுதும் ஆசிரியனுக்கும் அத்தோளே துணை. அதன் அருமையை நான் உணர்ந்தது, அது பழுதான பிறகுதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மழை நனைத்த படியொன்றில் வழுக்கி விழுந்தேன். ஊன்றிய வலக்கை அதன்பின் தோளுக்கு மேல் எழ மறுத்துவிட்டது. எலும்பு முறியவில்லை, தோளின் தசைநாண் அறுந்திருந்தது. அதனைத் தைக்கப் பல முறைகள் உள்ளன என்றார் மருத்துவர். எது சிறந்தது என்று ஆராயப் புகுந்தபோது நான் அறிந்தவற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தசையை எலும்போடு பிணைக்கும் வலிய கயிறே தசைநாண். தோள் மூட்டிலே மேற்கை எலும்பின் தலை ஒரு பந்து போன்றது. அது பொருந்தும் குழியோ மிகச் சிறியது, ஆழமற்றது. அதனால்தான் கையை எத்திசையிலும் சுழற்ற முடிகிறது. ஆனால், பந்து நழுவாமல் காப்பது யார்? தோள்பட்டை எலும்பிலிருந்து புறப்படும் நான்கு தசைகளின் நாண்கள் அப்பந்தைக் குல்லாய் போலக் கவிந்து பற்றியிருக்கின்றன. அவற்றுள் மேற்புறத்து நாணே பெரும்பாலும் கிழிகிறது. முதுமையில் தானே நைந்தும் போகலாம். விழுந்த அதிர்ச்சியிலும் அறுபடலாம்.

கிழிசல் யாவும் கத்தியை வேண்டுவன அல்ல. முதியோர் பலருக்குக் கிழிசல் இருந்தும் வலி இராது. பலர் பயிற்சியாலேயே நலம் பெறுகின்றனர். ஆனால், என்னைப் போல விபத்தில் திடீரென்று முழுவதும் அறுந்து, கையின் வலு குன்றியவர்களுக்குத் தாமதமின்றித் தைப்பது நன்று. நாள் கடந்தால் நாண் உள்வாங்கிச் சுருங்கும். தசையிலே கொழுப்புப் படியும்.

முதல் முறை திறந்த அறுவை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருத்துவர் எர்னெஸ்ட் கோட்மன் 1909-இல் இவ்வாறு நாணைத் தைத்து, 1911-இல் அதைப் பற்றி எழுதினார். தோளை அகலக் கீறி, மேலே மூடியுள்ள டெல்டாய்டு தசையின் ஒரு பகுதியை எலும்பிலிருந்து பிரித்து, எலும்பில் துளையிட்டு, நூல் கோத்து நாணை இறுக்குவது வழக்கம். எல்லாம் கண்முன் தெரியும் என்பது இதன் நன்மை. நல்ல தசையொன்றையும் பிரிக்க நேர்வது இதன் குறை.

இரண்டாவது, சிறு கீறல் முறை. இதில் டெல்டாய்டு தசையைப் பிரிக்காமல், அதன் இழைகளை விலக்கி, இடைவெளி வழியே தைப்பார்கள்.

மூன்றாவது, துளை வழி அறுவை. ஜப்பானியரான கென்ஜி தகாகி 1918-இல் முழங்கால் மூட்டினுள் குழாய் செலுத்தி உள்ளே நோக்கினார். அந்த விதையிலிருந்து வளர்ந்ததே இன்றைய ஆர்த்ரோஸ்கோப். சிறு துளைகள் சிலவற்றின் வழியே ஒளியும் கேமராவும் கருவிகளும் உட்செல்லும். மருத்துவர் திரையைப் பார்த்துத் தைப்பார். நூல் பூட்டிய சிறு நங்கூரங்களை எலும்பில் பதித்து நாணை இழுத்துக் கட்டுவர். நங்கூரங்களை ஒரே வரிசையில் பதிப்பதும் உண்டு. இரு வரிசையாகப் பதிப்பதும் உண்டு. கிழிந்த பாயில் ஒட்டுத் துணியை ஓரத்தில் மட்டும் தைப்பதற்கும், இரட்டைத் தையல் போட்டுப் படிய வைப்பதற்கும் உள்ள வேறுபாடே இது. சோதனைக் கூடத்தில் இரட்டை வரிசை அதிக இழுவையைத் தாங்குகிறது. பெரிய கிழிசல்களில் அது பயன் தரலாம். செலவும் அதற்கேற்பக் கூடும்.

அப்படியானால் வென்றது எது? பிரிட்டனில் 273 நோயாளிகளைக் கொண்டு திறந்த முறையையும் துளை வழி முறையையும் ஒப்பிட்டார்கள். 2017-இல் வெளிவந்த முடிவு சிந்திக்கத்தக்கது: இரண்டு ஆண்டுகள் கழித்து வலியிலும் இயக்கத்திலும் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை! இரு முறைகளிலுமே பத்தில் ஏறத்தாழ நான்கைந்து தையல்கள் மீண்டும் விட்டுப்போயிருந்தன.

காரணம் என்ன? நூல் எதனையும் ஆற்றுவதில்லை. நாணை எலும்போடு சேர்த்துப் பிடித்திருப்பதே அதன் பணி. ஒட்ட வைப்பது உடல். அதற்கு மாதங்கள் வேண்டும். முதல் நான்கு முதல் ஆறு வாரம் கை தூளியில் கிடக்க வேண்டும். பின்னர்ப் பிறர் துணையோடு அசைவு. சுமார் மூன்று மாதம் சென்றபின் வலுவூட்டும் பயிற்சி. கடும் உழைப்புக்கு ஆறு மாதமும் ஆகலாம். முதுமை, புகைப்பழக்கம், கட்டுப்படாத நீரிழிவு ஆகியவை ஆறுதலைத் தடுக்கும்.

எனக்கு ஒற்றை வரிசைத் தையல். அடுத்த கட்டிலில் இருந்த மீனவர் ஒருவருக்குக் கிழிசல் பெரிது; வலுவான இரட்டை வரிசை போட்டார்கள். எனக்கு விடுப்பிலும் சம்பளம் வந்தது. அவர் வீட்டிலோ அடுப்பெரிய வேண்டும். நான்காம் வாரமே தூளியைக் கழற்றிவிட்டு வலை இழுக்கப் போனார், தையல் விட்டுப்போயிற்று. பின்னொரு நாள் சந்தித்தபோது, "நூலு கெட்டிதான் வாத்தியாரே, நாளுதான் போதல" என்றார். ஒருவர் கதையால் விஞ்ஞானம் நிலைநாட்டப்படாது என்பதை நான் அறிவேன். எனினும், நான் புரட்டிய ஏடுகளில் இவ்வளவு சுருக்கமான விளக்கம் எனக்குக் கிட்டவில்லை.

தைக்கவே இயலாத தோள்களுக்கும் வழியுண்டு. பிரான்சின் டிஜோன் நகரத்துப் பால் கிராமோன், பந்தையும் குழியையும் இடம் மாற்றிப் பொருத்தும் செயற்கை மூட்டை 1985-இல் அமைத்தார். அதில் டெல்டாய்டு தசையே கையை உயர்த்துகிறது. பிரெஞ்சு மருத்துவம் இவ்வூருக்குப் புதிதன்று. 1823-இல் இங்கே நிறுவப்பட்ட பிரெஞ்சு மருத்துவப் பள்ளியின் வழிவந்ததே, 1964 முதல் ஜிப்மர் எனப் பெயர் பெற்ற கல்வி நிலையம்.

உங்களில் சிலர் நாளை மருத்துவராகலாம். எந்தத் தையல் சிறந்தது என்று ஆராயுங்கள். அது உங்கள் கடமை. அத்துடன், "எத்தனை நாள் உம்மால் ஓய்ந்திருக்க முடியும்? அதுவரை வீட்டுக்கு என்ன வழி?" என்றும் நோயாளியைக் கேளுங்கள். அவ்வினாவும் சிகிச்சையின் ஒரு பகுதியே. என் கை இன்று கரும்பலகையின் உச்சியைத் தொடுகிறது. அந்த மீனவரின் கை இன்னும் தோளளவே எழுகிறது.