உங்களுக்குத் தெரியுமா? தூங்கும் போனிலும் தூங்காத கடிகாரம்

கணினியிலும் போனிலும் உள்ள டிராம் நினைவகம், தான் வைத்திருக்கும் ஒவ்வொரு பிட்டையும் நொடிக்குப் பல முறை புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. விட்டால் மறந்துவிடும்!

• ஒரு பிட் என்பது நுண்ணிய மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டம். ஓட்டைக் குடத்துத் தண்ணீர்போல அது கசிந்துகொண்டே இருக்கும். டிடிஆர்4 சில்லில் 64 மில்லிவினாடிக்குள் எல்லா வரிசைகளும் புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்கு 8,192 கட்டளைகள், 7.8 மைக்ரோவினாடிக்கு ஒன்று. சூடு 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கெடு பாதியாகிவிடும்.

• போன் உறங்கும்போது வெளியிலிருந்து வரும் கடிகாரத் துடிப்பு நின்றுபோகும். அப்போது சில்லுக்குள்ளேயே இருக்கும் ஆசிலேட்டர் பொறுப்பேற்கிறது. அதற்குக் குவார்ட்ஸ் படிகம் வேண்டாம். ஒற்றைப்படை எண்ணிக்கையில் இன்வெர்ட்டர்களை வளையமாகக் கோத்தால், எந்த நிலையிலும் நிலைகொள்ள முடியாமல் 0, 1 என மாறி மாறித் துடிக்கும்.

• உண்மையான சவால் வெப்பம்தான். சூடு ஏற ஏற மின்னூட்டம் வேகமாகக் கசியும். சாதாரண வளைய ஆசிலேட்டரோ பெரும்பாலும் மெதுவாகிவிடும். விரைய வேண்டிய நேரத்தில் தளர்கிறது! அதனால் இன்வெர்ட்டர்களுக்குப் போகும் மின்னோட்டத்தை ஒரு நிலையான மேற்கோள் சுற்று அளந்து கொடுக்கிறது. வெப்ப உணரி சொல்வதற்கேற்பப் புதுப்பிப்பு இடைவெளி மாறுகிறது. சில்லு குளிர்ந்திருந்தால் இடைவெளி நீளும், பேட்டரி மிச்சமாகும்.

• 2008-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தூசு ஊதும் காற்று டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து நினைவகத்தை மைனஸ் 50 டிகிரிக்குக் குளிர்வித்தார்கள். மின்சாரமே இல்லாமல் 10 நிமிடம் கழித்தும் 99 சதவீதத்துக்கு மேல் பிட்டுகள் அழியாமல் இருந்தன.