வயிற்றில் ஆப்பரேஷன் ஆனவர் சாப்பிட்டதும் மயங்குவது ஏன்?

இரைப்பையில் ஆப்பரேஷன் செய்துகொண்டு வீடு திரும்பியவருக்கு நம் தோட்டத்து வீடுகளில் நடக்கும் உபசாரம் கொஞ்சநஞ்சமல்ல. விடிந்ததும் டின்பால் கலந்த மைலோ. பத்து மணிக்குக் குளுக்கோஸ் தண்ணீர். மத்தியானம் ஒரு சட்டி நீர்க்கஞ்சி. "ஒடம்புல தெம்பு வரணும், நல்லா குடிங்க மாமா" என்று மருமகள் பக்கத்திலேயே நிற்கிறாள். குடித்துக் கால் மணி நேரம் ஆகவில்லை, மாமாவுக்கு நெஞ்சு படபடக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது, வயிறு உப்பி முறுக்குகிறது. கழிவறைக்கு ஓடியவர் திரும்பி வந்து பாயில் சாய்ந்துவிடுகிறார்.

காற்று பட்டுவிட்டது என்பார் ஒருவர். டாக்டர் எதையோ தப்பாகத் தைத்துவிட்டார் என்பார் மற்றொருவர். மாரடைப்போ என்று அழுகிறவர்களும் உண்டு. (முதல் தடவை இப்படி வந்தால் டாக்டரிடம் காட்டிவிடுவதே நல்லது, நெஞ்சுவலியாக இருந்தால் கொஞ்சமும் தாமதிக்கக் கூடாது.) நாலு நாள் இப்படியே நடந்தால் மாமா சோற்றைக் கண்டாலே பயப்படத் தொடங்குகிறார். சாப்பாட்டைக் குறைக்கிறார், இளைத்துக்கொண்டே போகிறார். கத்தி பட்ட புண் ஆறிவிடும். இந்தப் பயம்தான் ஆளை உருக்கிவிடும்.

இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் 'டம்பிங் சிண்ட்ரோம்'. செம்பனை ஆலையில் லாரி பின்பக்கத்தைத் தூக்கிக் குலைகளை ஒரேயடியாகக் கொட்டுகிறதே, அந்தக் கொட்டுதல்தான் டம்பிங். நல்ல இரைப்பை அப்படிக் கொட்டாது. தின்றதைச் சேர்த்து வைத்து, கூழாக அரைத்து, அடிப்பக்கத்து வாசலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து சிறுகுடலுக்கு அனுப்பும். அந்த வாசலில் ஒரு தசை வளையம் காவற்காரனைப் போல் இருக்கிறது. ஆப்பரேஷனில் இரைப்பையின் ஒரு பாகத்தையோ முழுவதையுமோ எடுத்துவிட்டால், அல்லது குடலை வேறு வழியாக இணைத்துத் தைத்துவிட்டால், காவற்காரன் இல்லை. குடித்தது அப்படியே சிறுகுடலில் போய் விழுகிறது. அது சீனி கலந்ததாக இருந்தால் இரத்தத்திலுள்ள நீரைக் குடலுக்குள் இழுத்துக்கொள்ளும். குடல் உப்புகிறது, இரத்தத்தில் நீர் குறைகிறது, இருதயம் அடித்துக்கொள்கிறது. மாமாவைச் சாய்த்தது காற்றுமல்ல கறுப்புமல்ல. அன்போடு கலந்து கொடுத்த மைலோதான்!

இந்த ஆப்பரேஷனுக்கும் நம்மவர்களுக்கும் பழைய உறவு உண்டு. இரைப்பையின் ஒரு பாகத்தை வெட்டியெடுத்து ஆளைப் பிழைக்க வைத்த முதல் வெற்றி 1881ஆம் ஆண்டு வியன்னா நகரில் பில்ரோத் என்ற டாக்டருக்குக் கிடைத்தது. நம் முன்னோர் கப்பலேறி வந்த தென்னாட்டிலோ குடற்புண் மிக அதிகம். கோதுமை தின்னும் வடக்கைவிட அரிசி தின்னும் தெற்கில் அது கூடுதலாக இருந்ததை அங்கே வேலை செய்த டாக்டர்கள் பலர் எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சாமர்வெல். 1922லும் 1924லும் எவரெஸ்ட் மலையேறப் போன கூட்டத்தில் இருந்தவர். அந்தப் புகழை விட்டுவிட்டு, அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் தங்கி, குடற்புண்ணால் வாடியவர்களுக்குப் பல ஆண்டுகள் ஆப்பரேஷன் செய்தார். இரைப்பையில் புது வாசல் திறந்து சிறுகுடலோடு தைப்பது அவர் அதிகம் செய்த வேலை.

பின்னாளில் நிலைமை மாறியது. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரன், மார்ஷல் என்ற இரு டாக்டர்கள், குடற்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஒரு கிருமி என்று கண்டார்கள். 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. முன்பு கத்தி வைத்த நோய்க்கு இன்று ஒன்றிரண்டு வார மாத்திரை போதுமென்றாகிவிட்டது. இன்று இரைப்பையில் கை வைப்பது பெரும்பாலும் புற்றுநோய்க்கும், அடங்காத இரத்தப் போக்குக்கும், உடல் பருமனைக் குறைக்கவும்தான். ஆனால் அந்தக் காலத்தில் ஆப்பரேஷன் செய்துகொண்ட தாத்தாக்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சங்கதிக்குப் பிறகு வருவோம்.

என்ன சாப்பிடுவது? சுங்கைப்பட்டாணியோ அலோர்ஸ்டாரோ, எந்த மருத்துவமனையானாலும் வீட்டுக்கு அனுப்புமுன் உணவு நிபுணரைப் பார்க்கக் கேளுங்கள். அவர் சொல்வதன் சாரம் இதுதான்: சோற்றையும் தண்ணீரையும் பிரித்துவிட வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம். அரை மணி நேரம் முன்போ பின்போ குடிக்கலாம். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு வேளையாக்கி, ஒரு சின்னக் கிண்ண அளவு, நன்றாக மென்று தின்ன வேண்டும். கிண்ணத்தில் சோறு குறைவாகவும் மீன், முட்டை, பருப்பு, தவு ஆகியவை கூடுதலாகவும் இருக்கட்டும். சாப்பிட்டதும் தலையணையை உயர்த்தி அரை மணி நேரம் சாய்ந்திருப்பது நல்லது. டின்பால், சிராப், கேக், பாயசம் இவற்றை ஒதுக்க வேண்டும். கடையில் 'தே ஓ கோசோங்' என்று கேட்டு வாங்கிக் குடித்தால் பாதித் தொல்லை தீரும். சாராயம் இப்படிப்பட்ட உடம்பில் மின்னல் வேகத்தில் ஏறும். சம்சு பக்கம் போகவே வேண்டாம்.

கல்யாண வீட்டில்தான் சங்கடம். இலை நிறையப் போட்டுவிட்டு, "என்ன மச்சான், கோழி கொத்துற மாதிரி சாப்பிடுறீங்க" என்று கேலி செய்வார்கள். கூடப் போகும் மனைவி முந்திக்கொண்டு பந்தி விசாரிப்பவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

இன்னொரு வகை மயக்கமும் உண்டு. இது தாமதமாக வரும். இனிப்பு சட்டென்று இரத்தத்தில் ஏறியதும் உடம்பு அளவுக்கு மீறி இன்சுலினைச் சுரக்கிறது. ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் இரத்தச் சீனி அடியில் போய்விடும். கை நடுங்கும், கண் இருட்டும், பேச்சுக் குழறும். வேலைக்குத் திரும்பியவர் விடியற்காலை ஐந்து மணிக்கு இனிப்புத் தேநீரை மட்டும் குடித்துவிட்டுப் போனால், ஏழு மணிக்கு மரத்தடியில், கையில் உளிக் கத்தியோடு இருக்கும்போது இது வரும். மோட்டார் சைக்கிளில் போகும்போதும் வரலாம். அந்த நேரத்தில் மட்டும் வாயில் கொஞ்சம் சீனி போட்டு, தெளிந்ததும் இரண்டு உப்பு பிஸ்கட் தின்ன வேண்டும். இனிப்பால் வந்த மயக்கத்துக்கு இனிப்பே மருந்தா என்று கேட்பீர்கள். ஆபத்து நேரத்துக்கு மட்டும்தான். தினமும் அதையே செய்தால் மயக்கமும் தினமும் வரும். நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பெரும்பாலோருக்குச் சில மாதங்களில், மிஞ்சினால் ஓராண்டில், உடம்பு பழகிக்கொள்கிறது. அப்படியும் அடங்காவிட்டால் அதற்கு மருந்துகள் இருக்கின்றன.

இனி தாத்தாக்கள் சங்கதி. பி12 என்ற வைட்டமினை உடம்பு ஏற்றுக்கொள்ள இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருள் வேண்டும். இரைப்பை போனால் அதுவும் போயிற்று. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் சில ஆண்டுகள் ஒன்றும் தெரியாது. பிறகு கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், முகம் வெளுக்கும், மறதி வரும். "வயசாயிடுச்சி" என்று விட்டுவிடுகிறோம். இரைப்பையை முழுவதும் எடுத்தவர்களுக்கு ஆயுள் முழுக்க, வழக்கமாக இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இந்த ஊசி வேண்டும். பாதி எடுத்தவர்கள் இரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும்கூடக் குறையலாம். வீட்டுப் பெரியவரின் வயிற்றில் பழைய தையல் தழும்பு இருந்தால், அது எதற்கு, எந்த ஆண்டில் என்று கேட்டு எழுதிக்கொண்டு அரசாங்கக் கிளினிக்கில் சொல்லுங்கள். பழைய மருத்துவமனைச் சீட்டு கிடைத்தால் அதையும் கொண்டுபோங்கள்.

இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, இவை டம்பிங் அல்ல. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆகவே மாத்திரை சாப்பிடுகிறவர் அந்தப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டட்டும்.