நீரிணையில் 600 மீட்டர் பிழை எங்கிருந்து வருகிறது? படகின் ஜி.பி.எஸ்., சோனாரைச் சரியாக அமைக்கும் முறை

பாசிர் கூடாங்: போன வாரம் களவா கிடைத்த இடத்தைக் கருவியில் பதிந்து வைத்தாயிற்று. இந்த வாரம் அதே எண்ணைத் தேடிப் போனால் அங்கே மீனும் இல்லை, பாறையும் இல்லை. சோனார் திரையில் வெறும் சேற்றுத் தரைதான் தெரிகிறது. சிறு ஃபைபர் படகு வைத்துக்கொண்டு வாரயிறுதியில் தூண்டில் போடப் போகிறவர்களுக்கு இது பழக்கமான ஏமாற்றம். பெரும்பாலோர் கருவியைத்தான் குறை சொல்வார்கள். ஆனால் கருவி பெரும்பாலும் சரியாகவே வேலை செய்கிறது. அதில் நாம் செய்து வைத்திருக்கும் அமைப்பும், இடத்தைப் பதியும் விதமும்தான் தவறாக இருக்கின்றன.

மற்றக் கடலோரங்களில் இந்தத் தவறுக்கு விலை ஒரு நாள் மீன்தான். பாசிர் கூடாங்கில் அப்படி இல்லை. ஜொகூர் துறைமுகத்துக்கு எதிரே சிங்கப்பூரின் புலாவ் உபின் இருக்கிறது. அதற்குக் கிழக்கே புலாவ் தெக்கோங். நடுவே உள்ள நீரிணையின் அகலம் சில இடங்களில் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான். அந்தக் குறுகிய நீரில் நாட்டின் எல்லையும் ஓடுகிறது, கப்பல்களும் ஓடுகின்றன, மீன் வளர்ப்புக் கூண்டுகளும் கேலோங்குகளும் நிற்கின்றன. இங்கே சில நூறு மீட்டர் தவறினால் அது அடுத்த நாட்டின் கடல்.

வானத்திலிருந்து வரும் பிழை சிறியது

ஜி.பி.எஸ். அமெரிக்க அரசு நடத்தும் துணைக்கோள் அமைப்பு. 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது. அக்காலத்தில் காட்டப்பட்ட இடம் 100 மீட்டர் வரை விலகக்கூடும். அந்தக் கலப்பு நிறுத்தப்பட்ட பிறகு, திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரணக் கருவியே ஐந்து முதல் பத்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடுகிறது.

அதற்கு ஆண்டெனா வானத்தைத் தடையில்லாமல் பார்க்க வேண்டும். இரும்புக் கூரைக்கு அடியிலோ, ரேடியோ ஆண்டெனாவை ஒட்டியோ அதை வைக்கக்கூடாது. கருவியை முடுக்கிய உடனே இடத்தைப் பதியாமல், போதிய துணைக்கோள்கள் கிடைக்கும் வரை சில நிமிடம் பொறுக்க வேண்டும். இவ்வளவு செய்தால் வானத்திலிருந்து வரும் பிழை ஒரு படகின் நீளத்தைப் பெரிதாகத் தாண்டாது. அப்படியானால் 200 மீட்டர், 600 மீட்டர் பிழை எங்கிருந்து வருகிறது?

ஒரே இடம், மூன்று எழுத்துமுறை

முதல் காரணம், எண்ணை எழுதும் முறை. ஒரே இடத்தின் அட்சரேகையை மூன்று விதமாக எழுதலாம். 1 டிகிரி 25 நிமிடம் 50 விநாடி என்பது ஒன்று. 1 டிகிரி 25.833 நிமிடம் என்பது இன்னொன்று. 1.43056 டிகிரி என்பது மூன்றாவது. கைப்பேசி வரைபடங்கள் பெரும்பாலும் மூன்றாவது முறையில் தருகின்றன. படகுக் கருவிகள் பெரும்பாலும் இரண்டாவது முறையில் அமைந்திருக்கும். பழைய குறிப்பேடுகளில் முதல் முறைதான் அதிகம்.

நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் “1, 25, 50” என்று அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொன்னது 50 விநாடி. வாங்கியவர் அதை 25.50 நிமிடம் என்று கருவியில் போடுகிறார். இரண்டுக்கும் இடையே ஒரு நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்கு வேறுபாடு. அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். ஆகவே படகு ஏறக்குறைய 617 மீட்டர் தெற்கே போய் நிற்கும். பாசிர் கூடாங்கில் தெற்கு என்றால் சிங்கப்பூர்ப் பக்கம்.

இதைத் தவிர்ப்பது எளிது. கருவியின் அமைப்புப் பட்டியலில் ‘பொசிஷன் ஃபார்மட்’ என்ற பகுதியைத் திறந்து, தன் கருவி எந்த முறையில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். பிறருக்கு எண் அனுப்பும்போது டிகிரி, நிமிடம், விநாடி என்ற சொற்களையும் சேர்த்தே எழுத வேண்டும். தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்களை வெட்டக்கூடாது. நிமிடத்துக்குப் பின் மூன்று தசமம் இருந்தால் அது இரண்டு மீட்டர் அளவுக்குத் துல்லியம். ஒரே ஒரு தசமம் என்றால் 185 மீட்டர்.

டேட்டம் மாறினால் 200 மீட்டர்

இரண்டாவது காரணம் பலர் கேள்விப்படாதது. அதன் பெயர் டேட்டம். பூமி சரியான உருண்டை அல்ல. எந்த வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு, எந்த இடத்தைத் தொடக்கமாக வைத்து அளப்பது என்ற ஏற்பாடுதான் டேட்டம். ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84. தீபகற்ப மலேசியாவின் பழைய நிலப்படங்கள் பகாங்கில் உள்ள கெர்தாவ் என்ற இடத்தை ஆதாரமாகக் கொண்டவை. அதனால் அந்த அளவைக்குக் கெர்தாவ் டேட்டம் என்று பெயர்.

ஜொகூர்க் கரையில் இந்த இரண்டு டேட்டத்துக்கும் இடையே கிழக்கு மேற்காக ஏறக்குறைய 200 மீட்டர் வேறுபாடு உண்டு. எண் ஒன்றாகவே இருக்கும், இடம் மட்டும் 200 மீட்டர் தள்ளிப்போகும். பழைய படத்திலிருந்து எடுத்த எண்ணை அப்படியே கருவியில் போட்டாலும், இரண்டாம் கையாக வாங்கிய கருவியில் முந்தைய உரிமையாளர் டேட்டத்தை மாற்றி வைத்திருந்தாலும் இதுதான் நடக்கும்.

இது மீனுக்கு மட்டுமான விஷயம் அல்ல. நீரிணையின் எல்லை முதலில் 1927ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் சொல்லப்பட்டது. ஆழமான நீர்வழியின் நடுவே செல்லும் கற்பனைக் கோடு என்பதே அன்றைய வரையறை. ஆனால் மண் படிந்தால் ஆழம் இடம் மாறும், கோடும் நகரும். அதனால் 1995 ஆகஸ்ட் 7ஆம் தேதி மலேசியாவும் சிங்கப்பூரும் இன்னொரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, எல்லையைப் புள்ளி புள்ளியாக எண்களால் நிலைப்படுத்தின. அந்த எண்கள் திருத்திய கெர்தாவ் டேட்டத்தின்படி கொடுக்கப்பட்டவை. அவற்றை மாற்றிக் கணக்கிடாமல் நேராகத் தன் கருவியில் போடுபவர், எல்லைக் கோட்டையே 200 மீட்டர் நகர்த்தி வைத்துக்கொள்கிறார்.

வெளிக்கடலுக்குப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். பத்து பூத்தே தீவு சிங்கப்பூருக்கு என்றும், அருகில் உள்ள மிடல் ராக்ஸ் பாறைகள் மலேசியாவுக்கு என்றும் அனைத்துலக நீதிமன்றம் 2008 மே 23இல் தீர்ப்பளித்தது. இரண்டுக்கும் இடையே தூரம் 0.6 கடல் மைல், சுமார் 1.1 கிலோமீட்டர்தான். தமிழகத்து மீனவர்கள் பாக் நீரிணையில் நாள்தோறும் கவலையோடு பார்க்கும் இந்திய இலங்கை எல்லையும் 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இதேபோல் டிகிரி, நிமிடக் கணக்கில் எழுதப்பட்டதுதான். கடலில் வேலி இல்லை. இருப்பது எண்கள் மட்டுமே.

ஆகவே ‘மேப் டேட்டம்’ பகுதியில் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். எல்லையை நெருங்கி மீன் பிடிக்காமல், கணிசமான தூரம் விட்டே நிற்பதும் அவசியம். எல்லை தாண்டிய பிறகு கருவி அப்படித்தான் காட்டியது என்று சொல்வது விளக்கமாகலாம், அனுமதி ஆகாது.

சோனார் பார்ப்பது புள்ளியை அல்ல, வட்டத்தை

சோனார் ஒலியைக் கீழே அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை அளக்கிறது. கடல் நீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் செல்கிறது. 20 மீட்டர் ஆழத்தில் போய்த் திரும்ப நொடியில் நாற்பதில் ஒரு பங்குகூட முழுதாக ஆகாது என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே ஆகும். எப்படியானாலும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

அந்த ஒலி டார்ச் வெளிச்சம்போல் விரிந்துகொண்டே இறங்கும். 200 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் விரிவு குறைவு. 20 டிகிரி விரிவு என்றால் 20 மீட்டர் ஆழத்தில் அது ஏழு மீட்டர் அகலமுள்ள வட்டத்தைப் பார்க்கிறது. தாழ்ந்த அலைவரிசையில் 60 டிகிரி வரை விரியக்கூடும். அப்போது அதே ஆழத்தில் வட்டம் 23 மீட்டர். திரையில் பாறை தெரிந்தால் அது படகுக்கு நேர் கீழே இருப்பதாகச் சொல்ல முடியாது. அந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறது, அவ்வளவுதான். எனவே தேடும்போது அகன்ற ஒலியையும், பதியும்போது குறுகிய ஒலியையும் பயன்படுத்துவது நல்லது.

ஒலியை அனுப்பும் டிரான்ஸ்டியூசர் படகின் பின்புறத்தில், புரொப்பெலர் கிளப்பும் நுரையிலிருந்து விலகி இருக்க வேண்டும். புரொப்பெலர் வலமாகச் சுழலும் இயந்திரம் என்றால் படகின் வலப்புறம் பொருத்துவது வழக்கம். படகு நீரில் மிதக்கும்போது அது மட்டமாக நிற்க வேண்டும், சாய்ந்தால் ஒலியும் சாய்ந்தே போகும். வேகமெடுத்ததும் திரை சிதறினால் காற்றுக்குமிழ்கள் அதன் அடியில் ஓடுகின்றன என்று பொருள். அப்போது இடத்தையோ உயரத்தையோ சற்று மாற்ற வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. சோனார் காட்டுவது அந்த நேரத்து ஆழம். கடல் வரைபடத்தில் அச்சாகியிருப்பது நீர் நன்றாக வற்றிய நேரத்து ஆழம். இங்கே பெரிய ஏற்றவற்றத்தின்போது இரண்டரை, மூன்று மீட்டர் வரை வேறுபடும். ஆகவே ஆழத்தைக் குறித்து வைக்கும்போது நேரத்தையும் குறிக்க வேண்டும்.

பதியும் தருணம்

சோனார் திரையில் வலது ஓரம்தான் இப்போதைய கணம். நடுவில் தெரிவது ஏற்கெனவே கடந்துபோன இடம். மீன் கூட்டம் திரையின் நடுவுக்கு வந்த பிறகு பொத்தானை அழுத்தினால் பதிவது வேறு இடம். படகு ஐந்து நாட் வேகத்தில் போனால் நொடிக்கு இரண்டரை மீட்டருக்கு மேல் நகர்கிறது. நான்கு நொடி தாமதித்தால் பத்து மீட்டர் போய்விடும். ஜி.பி.எஸ். ஆண்டெனா முன்புறமும் டிரான்ஸ்டியூசர் பின்புறமும் இருந்தால் படகின் நீளமும் சேர்ந்துகொள்ளும்.

இதற்கு நல்ல வழி இரண்டு திசையிலிருந்து பதிவது. ஒருமுறை கிழக்கிலிருந்து மெதுவாக வந்து, பாறை தெரியத் தொடங்கியதும் பதிய வேண்டும். திரும்பி மேற்கிலிருந்து வந்து இன்னொரு முறை பதிய வேண்டும். தாமதப் பிழை இரண்டிலும் எதிரெதிர்த் திசையில் விழும் என்பதால் நடுப்புள்ளி உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். பல கருவிகளில் திரையில் கடந்துபோன படத்தின்மேல் குறியை நகர்த்தி, அந்த இடத்தையே பதியும் வசதியும் உண்டு. அது இன்னும் எளிது.

நங்கூரம் போடுவதிலும் பிழை நேர்கிறது. பதிந்த புள்ளியிலேயே நங்கூரத்தை இறக்கினால், நீரோட்டம் படகைக் கயிற்றின் நீளத்துக்கு இழுத்துச் சென்றுவிடும். பாறை பின்னால் தங்கிவிடும். நீரோட்டம் வரும் பக்கமாகக் கயிற்றின் அளவுக்கு மேலே போய் இறக்கினால்தான் படகு பாறைக்கு மேல் வந்து நிற்கும். நங்கூரம் இழுபட்டால் ஒலி எழுப்பும் வசதி கருவியில் இருந்தால், இரவில் அதை முடுக்கி வைப்பது நல்லது. ஓட்டம் மாறும்போது எல்லைப் பக்கம் போகாமல் அது காக்கும்.

ஜெட்டியிலேயே சோதிக்கலாம்

இவ்வளவும் சரியாக இருக்கிறதா என்று அறியக் கடலுக்குப் போகவே வேண்டாம். படகை ஜெட்டியில் கட்டிவிட்டு அந்த இடத்தைக் கருவியில் பதிய வேண்டும். அதே எண்ணை, எழுத்துமுறை மாறாமல் பார்த்து, கைப்பேசி வரைபடத்தில் போட வேண்டும். பத்து மீட்டருக்குள் வந்தால் நல்லது. இருநூறு மீட்டர் போலக் கிழக்கிலோ மேற்கிலோ விழுந்தால் டேட்டம் தவறு. பல நூறு மீட்டர் தள்ளி விழுந்தால் எழுத்துமுறை தவறு. ஐந்து நிமிட வேலை இது.

பதிந்த இடங்களை ஒரு நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வைப்பது நல்லது. எண், ஆழம், தேதி, நேரம், நீர் ஏற்றமா வற்றமா என்று ஒரு வரி போதும். கருவி நனைந்து கெட்டால் ஆண்டுக்கணக்கில் சேர்த்தது போய்விடும்.

ஜி.பி.எஸ். வருமுன் மீனவர்கள் கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்து இடம் கண்டார்கள். வேறொரு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்கள் ஒரே கோட்டுக்கு வந்ததும் அதுதான் இடம். பாசிர் கூடாங் கரையில் புகைபோக்கிகளுக்கும் துறைமுகப் பளுதூக்கிகளுக்கும் குறைவில்லை. கருவியில் பதியும்போதே இவற்றையும் குறித்து வைத்தால், எண் தவறினால் கண் காட்டிக்கொடுக்கும். புதிதாகப் போட்ட மீன் கூண்டும், இரவில் விளக்கில்லாமல் நிற்கும் கேலோங் கம்பும் எந்த மின்னணு வரைபடத்திலும் இருக்காது. திரையை மட்டும் பார்த்துப் படகு ஓட்டக்கூடாது என்பதற்கு அதுவே போதிய காரணம்.