ஒரு கம்பியில் பல கருவிகள்

பெங்களூரில் கடல் ஏது, கடற்கருவி ஏது என்று நண்பர்கள் நகைக்கக் கூடும். ஆயினும் கடலோரத்திலிருந்து கல்வி தேடி இங்கு வந்தோர் நம்மிடையே பலர் உளர். ஆய்வுக்கூட மேசையில் இரண்டு மாதமாக நான் உருட்டிக் கொண்டிருக்கும் சிறு பெட்டி ஒன்று அவர்தம் உற்றாரின் உயிரோடு தொடர்புடையது. ஆகவே அதைப் பற்றிச் சிறிது கூற விழைகிறேன்.

2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால், பேப்பூரிலிருந்து சென்ற மீன்பிடிப் படகு ஒன்று பின்னிரவில் சரக்குக் கப்பலுடன் மோதியது. படகில் 14 பேர் இருந்தனர். இருவரே உயிருடன் மீட்கப்பட்டனர். அவ்விபத்தின் காரணத்தை ஆராய்வது என் வேலையன்று. ஆனால் இருளில் வரும் கப்பல் படகோட்டியின் திரையில் உரிய நேரத்தில் தோன்ற வேண்டாமா? அங்கேதான் நம் பெட்டி வருகிறது. அதன் பெயர் மல்டிப்ளெக்சர்.

படகில் இடங்காட்டும் ஜி.பி.எஸ். உண்டு, ஆழமானி உண்டு, சுற்றியுள்ள கப்பல்கள் தம் பெயர், இடம், வேகம் ஆகியவற்றை வானொலி வழியே அறிவிப்பதைக் கேட்கும் ஏ.ஐ.எஸ். கருவியும் இருக்கலாம். இவை பேசுவது என்.எம்.இ.ஏ. 0183 என்னும் மொழி. ஒரு வாக்கியத்தில் 82 எழுத்துக்கு மேல் கூடாது. இறுதியில் பிழை காணும் எண் ஒன்று நிற்கும். ஒரு கம்பியில் ஒருவரே பேசலாம், பலர் கேட்கலாம் என்பது இதன் இலக்கணம். இருவர் கம்பிகளைச் சேர்த்து முறுக்கினால் வெறும் கூச்சலே மிஞ்சும். மல்டிப்ளெக்சரோ ஒவ்வொருவர் வாக்கியத்தையும் முழுமையாகக் கேட்டு வைத்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகத் திரைக்கு அனுப்புகிறது.

சில்க் போர்டு சந்திப்பை மாலை 6 மணிக்குக் கண்டவர்க்கு இதன் தொல்லை உடனே விளங்கும்! ஏ.ஐ.எஸ். கருவி வினாடிக்கு 38400 பிட் வேகத்தில், அதாவது 3840 எழுத்து வரை, உள்ளே தள்ள வல்லது. பழைய திரைகள் பல 4800 பிட் வேகத்தையே, அதாவது 480 எழுத்தையே ஏற்கும். முழு நீள வாக்கியம் ஆறு கூடச் செல்லாது. மிகுந்தவை பெட்டிக்குள் வரிசையில் நிற்கும். இடம் நிரம்பினால் உதிர்ந்து போகும்.

உதிர்வதை விடக் கொடியது காத்திருப்பதே என்பேன். 4800 எழுத்துக் கொள்ளும் சேமிப்பு நிரம்பியிருந்தால், கடைசி வாக்கியம் 10 வினாடி கழித்தே வெளிவரும். 15 நாட் வேகத்தில் வரும் கப்பல் அதற்குள் ஏறத்தாழ 77 மீட்டர் நகர்ந்துவிடும். சிதைந்த வாக்கியத்தைப் பிழை எண் காட்டிக் கொடுக்கும். காலங்கடந்த வாக்கியமோ எல்லா எழுத்தும் சரியாக, புதியது போலவே திரையில் வந்து நிற்கும். முதல் வாரம் நானே இதில் ஏமாந்தேன்.

திரை ஏற்குமானால் பெட்டியின் வெளிவாயிலையும் திரையின் உள்வாயிலையும் 38400-க்கு மாற்றுவதே முதல் மருந்து. இரண்டும் ஒன்றாயிருக்க வேண்டும். இல்லையேல் திரை ஊமையாகும். திரை 4800-ஐ விட்டு அசையாதென்றால் வடிகட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. வானில் எந்தெந்தச் செயற்கைக் கோள் தெரிகிறது என்று ஜி.பி.எஸ். ஓயாது ஒப்பிக்கும் ஜி.எஸ்.வி. வாக்கியங்களைத் தள்ளிவிடலாம், படகோட்டிக்கு அவை எதற்கு? இடமும் வேகமும் கூறும் ஆர்.எம்.சி., கப்பல் செய்தி கூறும் வி.டி.எம். ஆகியவற்றைத் தொடவே கூடாது. இரண்டு ஜி.பி.எஸ். இருந்தால் ஒன்றுக்கு முதலிடம் தந்து, அது ஓய்ந்தால் மட்டும் மற்றது பேசுமாறு அமைக்க வேண்டும்; இல்லாவிடில் படகு திரையில் துள்ளும்.

வடிகட்டியில் ஒரு கண்ணியும் உண்டு. அமெரிக்கக் கோள்களை மட்டும் கேட்கும் கருவியின் வாக்கியம் 'ஜி.பி.' என்று தொடங்கும். பல நாட்டுக் கோள்களைச் சேர்த்துக் கேட்பது 'ஜி.என்.' என்று தொடங்கும். பெங்களூரையடுத்த பியாலாளுவில் மையம் கொண்ட நம் நாவிக்குக்கு 'ஜி.ஐ.'. 'ஜி.பி.'யை மட்டும் விடு என்று எழுதி வைத்த பெட்டியில் புதுக் கருவியை மாட்டினால், படகு எங்கே என்றே திரைக்குத் தெரியாது.

ஆர்.எம்.சி. வாக்கியத்திற்குள் உலகப் பொது நேரம் இருக்கிறது. ஒரு மடிக்கணினியைப் பெட்டியின் வெளிவாயிலில் இணைத்து, அந்நேரத்தைச் சரியான கடிகாரத்தோடு ஒப்பிட்டால் தாமதம் புலப்படும். அதைக் கப்பல்கள் மிகுந்த இடத்தில் பார்க்க வேண்டும். துறைமுகத்தை விட்டு விலகிய அமைதியான கரையில் எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள் அண்ணன், மாமன் படகுகளில் பார்க்கலாம். மாற்றுமுன் பழைய அமைப்பைத் தாளில் எழுதிக் கொள்ளுங்கள். எழுதாமல் விட்டு நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இழந்தேன்.