பெயர் ஓடும்போதே பயம்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து, சென்னைக்குப் போகும் மின்சார ரயிலில் ஜன்னலோரமாக இடம் பிடித்துவிட்டீர்கள். செல்போனில் ஒரு மர்மப் படம். எழுத்து ஓடத் தொடங்கியதும் விரலால் சட்டென்று தள்ளிவிடுகிறீர்கள். பொன்னேரி வருவதற்குள் ஒரு கொலையாவது விழ வேண்டாமா? ஆனால் எதைத் தள்ளினீர்கள் தெரியுமோ? படத்தின் பாதிப் பயத்தை!

ஹிட்ச்காக் 1960-ல் எடுத்த 'சைக்கோ'வைப் பாருங்கள். அதன் டைட்டிலை அமைத்தவர் ஸால் பாஸ். ரத்தம் இல்லை, கத்தி இல்லை, மனித முகம்கூட இல்லை. கறுப்புத் திரையில் சாம்பல் நிறப் பட்டைகள் குறுக்கும் நெடுக்கும் பாய்கின்றன. பெயர்கள் துண்டாகப் பிளந்து, ஒன்றுசேர்ந்து, மறுபடி பிளக்கின்றன. பின்னணியில் பெர்னார்ட் ஹெர்மனின் சங்கீதம். மேளம் கிடையாது, குழல் கிடையாது; வயலின் ஜாதித் தந்தி வாத்தியங்கள் மட்டுமே. இரண்டு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

சாமர்த்தியம் பிறகுதான் தெரிகிறது. ஆபீஸ் பணம் 40,000 டாலரைத் திருடிய பெண் ஒருத்தி காரோட்டிப் போகிறாள். இரவு, மழை, அவ்வளவுதான். ஆனால் அதே டைட்டில் சங்கீதம் திரும்ப வருகிறது. நமக்கு உள்ளங்கை வியர்க்கிறது! ஆரம்பத்தில் காதில் விதைத்த பயத்தை இப்போது அறுவடை செய்கிறார்கள். டைட்டிலைத் தள்ளிவிட்டவருக்கு அது வெறும் மழை.

இதே மூவர் கூட்டுத்தான் 1958-ல் வந்த 'வெர்டிகோ'விலும். அங்கே ஒரு பெண்ணின் கண்ணுக்குள்ளிருந்து சுருள்சுருளாக ஏதோ சுழன்று வந்து நம் தலையைச் சுற்ற வைக்கிறது.

'சைக்கோ' தொடங்கிய பிறகு யாரையும் தியேட்டருக்குள் விடக்கூடாது என்று கண்டிப்பாக இருந்தவர் ஹிட்ச்காக். நம் ஊரிலோ, பெயர் ஓடும் நேரம் என்பது டார்ச் வெளிச்சத்தில் ஸீட் தேடுவதற்கென்றே ஏற்பட்டது!

நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்லர். வீணை வித்வான் எஸ். பாலசந்தர் ஏவி.எம்.முக்காக டைரக்ட் செய்து 1954-ல் வெளிவந்த 'அந்த நாள்' ஒன்று போதுமே! பாட்டு இல்லை, நடனம் இல்லை. 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில் நடக்கும் கதை. ஆரம்பத்திலேயே துப்பாக்கி வெடிக்கிறது. சிவாஜி கணேசன் செத்து விழுகிறார். கதாநாயகனுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் எந்த மூலைக்கு? ஸால் பாஸின் பட்டைகள் செய்யும் வேலையை இங்கே ஒரே தோட்டா செய்துவிடுகிறது. தாமதமாக வந்தவர், "செத்தது யார் ஸார்?" என்று பக்கத்து ஸீட்டுக்காரரைக் கேட்டு முறைப்பு வாங்க வேண்டியதுதான்.

இன்னொரு விஷயம். தொழிற்சாலையிலிருந்து வெளியே போகும் சாமானில் அதைச் செய்த உங்கள் பெயரைப் பொறிக்கிறார்களா? விளக்குப் பிடித்தவருக்கும் ஒலிப்பதிவு செய்தவருக்கும் அந்த இரண்டு நிமிஷமாவது உண்டு. பாலசந்தருக்கு அதுவும் போதவில்லை போலிருக்கிறது. வெடிகுண்டு வைத்த பொம்மை ஒன்று கை மாறி ஊர் சுற்றும் 'பொம்மை' படத்தை 1964-ல் எடுத்தபோது, கடைசியில் நடிகர்களோடு தொழில்நுட்பக் கலைஞர்களையும் திரையிலேயே காட்டி, இன்னார் இன்னார் என்று அறிமுகப்படுத்தி வைத்தார்.