பத்திரம் இங்கே, துப்பாக்கி எங்கே?

1801 அக்டோபரில் மருதிருவரைத் தூக்கிலிட்டான் வெள்ளையன். டிசம்பர் 1-இல் உத்தரவு போட்டான்: தென்சீமை மக்கள் ஆயுதம் ஏந்தக் கூடாது! 1878-இல் நாட்டுக்கே ஆயுதச் சட்டம். நமக்குத் தடை, ஐரோப்பியனுக்கு விலக்கு!

1959-ஆம் ஆண்டுச் சட்டம் நிறத்தைப் பார்க்கவில்லை, நடத்தையைப் பார்க்கிறது. 9-ஆம் பிரிவு சொல்வதென்ன? வன்முறைக் குற்றத்துக்குச் சிறைத்தண்டனை பெற்றவன், தண்டனை முடிந்தும் 5 ஆண்டு துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. அமைதி காக்கப் பிணைப்பத்திரம் எழுதித்தர உத்தரவிடப்பட்டவனும், பத்திரக் காலம் முடியும்வரை அதைத் தொடக் கூடாது! லைசென்சை ரத்துச் செய்ய 17-ஆம் பிரிவு இருக்கிறது.

தோழர்களே! மேலூரிலோ உசிலம்பட்டியிலோ, கூலி கேட்டவனை ஒருவர் மிரட்டுகிறார். பத்திரமும் எழுதித் தருகிறார். அவர் வீட்டுச் சுவரில் துப்பாக்கி தொங்கிக்கொண்டேயிருந்தால், பத்திரம் வெறுங் காகிதந்தானே? தேர்தல் வந்தால் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லத் தெரிந்த அதிகாரிகளுக்கு, ஏழையின் உயிருக்காக அதைச் செய்ய மனம் வர வேண்டாமா?

ஆகவே, மனு எழுதும்போது ஒரு வரி சேருங்கள்: "எதிரியிடம் துப்பாக்கி உண்டா என்று விசாரியுங்கள், 9-ஆம் பிரிவுப்படி வாங்கி வையுங்கள்!"

லைசென்சை இழந்தவர் அப்பீல் செய்யலாம். உயிரை இழந்தவன் எந்தக் கோர்ட்டில் அப்பீல் செய்வான்?