குழல் ஒன்று பார்க்க, கண்ணாடி ஒன்று பார்க்க...

2008-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி. பீஜிங் நகரில் ஒலிம்பிக் துப்பாக்கி சுடும் அரங்கம். பத்து மீட்டர் ஏர் ரைபிள் பந்தயத்தின் இறுதிச் சுற்று ஆரம்பமாகச் சில நிமிஷங்களே பாக்கி. சண்டிகரைச் சேர்ந்த 25 வயது இளைஞர் அபிநவ் பிந்த்ரா, கணக்கில் சேராத ஒத்திகைக் குண்டு ஒன்றைச் சுட்டுப் பார்க்கிறார். அது மையத்தை விட்டு எங்கோ விலகிப் போய் விழுகிறது! தகுதிச் சுற்றில் 600-க்கு 596 வாங்கித் தந்த அதே துப்பாக்கி, அதே கை, அதே கண்.

குறி பார்க்கும் கருவியை யாராவது தொட்டிருப்பார்களோ என்ற சந்தேகத்தைப் பிற்பாடு தம் சுயசரிதையில் அவர் எழுதினார். அன்று அதையெல்லாம் விசாரிக்க நேரம் ஏது? மளமளவென்று திருகிச் சரி செய்துகொண்டு நின்றார். பத்துக் குண்டுகளில் 104.5; மொத்தம் 700.5. தனி நபர் பந்தயத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அதுதான்.

துப்பாக்கி சமாசாரம் நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் இந்தியாவுக்காகச் சுட்டவர். 2024-ல் பாரிஸிலிருந்து இரண்டு வெண்கலங்களோடு திரும்பிய மனு பாக்கரும் பெண்தான்.

இவர்களுடைய பந்தயத் துப்பாக்கிகளில் தொலைநோக்கி கிடையாது. தொலைநோக்கி பொருத்திய ரைபிள் வேறு சாதி. வேட்டை வழக்கம் உள்ள அமெரிக்கா போன்ற நாடுகளில், புதிதாக ஒன்றை வாங்கி மாட்டியவர்கள் நேரே மைதானத்துக்குப் போய், நூறு கெஜத்தில் அட்டையை நிறுத்தி, டுமீல், டுமீல் என்று ஒரு பெட்டித் தோட்டாவைத் தீர்த்துவிட்டு விழிப்பதுண்டு. அட்டையில் ஓர் ஓட்டைகூட இராது! தோட்டா மேலே போயிற்றா, கீழே போயிற்றா, பக்கவாட்டில் போயிற்றா? எந்தப் பக்கம் திருகுவது?

இதற்குக் காரணம் சுலபம். துப்பாக்கிக் குழல் ஒரு கண். அதன் முதுகில் உட்கார்ந்திருக்கும் தொலைநோக்கி இன்னொரு கண். இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டுமென்று யாரும் அவற்றுக்குச் சொல்லவில்லையே! தொலைநோக்கியைத் தாங்கும் இரண்டு வளையங்களுக்கு நடுவே ஐந்து அங்குல இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வளையம் மற்றதைவிட ஓர் அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு உயர்ந்திருந்தால் போதும். நூறு கெஜ தூரத்தில் ஏழு அங்குலம் தவறிவிடும்.

ஆகவே விஷயம் தெரிந்தவர்கள் தோட்டாவைத் தொடுவதற்கு முன்பே இரண்டு கண்களையும் சேர்த்துவைத்துவிடுகிறார்கள். முதலில் துப்பாக்கி காலிதானா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்ப்பார்கள். பிறகு மட்டம். கண்ணாடிக்குள் பிளஸ் குறிபோலக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு இழைகள் தெரியும். அவை சாய்ந்திருக்கக் கூடாது. இதற்கு விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டாம். நம் கொத்தனார் சுவர் கட்டும்போது தொங்கவிடுகிறாரே, அந்தத் தூக்குக்குண்டு போதும். தூரத்தில் அதைத் தொங்கவிட்டு, ரசமட்டம் வைத்துத் துப்பாக்கியையும் மட்டமாக நிறுத்தி, நெடுக்கு இழை கயிற்றோடு ஒட்டி நிற்கும்படி திருப்பிக்கொள்ள வேண்டியதுதான். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் மூன்று, நான்கு அங்குல இடைவெளி வேண்டும். ஆசைப்பட்டு நெருங்கினால், சுட்டவுடன் துப்பாக்கி பின்னால் உதைத்துப் புருவத்தில் பிறைச் சந்திரன் போட்டுவிடும்!

இனிமேல்தான் வேடிக்கை. ரைபிளை மணல் மூட்டைகள்மேல் அசையாமல் கிடத்தி, பின்புறத்து போல்ட்டை உருவி எடுத்துவிடுகிறார்கள். இப்போது குழல் வெறும் குழாய். அதன் வழியே பார்த்து, 25 கெஜ தூரத்தில் நிற்கும் அட்டையின் கறுப்பு வட்டம் குழாயின் வட்டத்துக்குள் நட்டநடுவே தெரியும்படி வைக்கிறார்கள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, துப்பாக்கி இம்மியும் நகராமல், தொலைநோக்கி வழியே பார்க்கிறார்கள். பிளஸ் குறி எங்கேயோ நிற்கும். குமிழ்களைத் திருகி அதையும் அதே வட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

இங்கேதான் பழகினவர்களே தடுமாறுகிறார்கள். குமிழில் 'மேலே' என்று அம்புக்குறி இருக்கும். ஆனால் அந்தப் பக்கம் திருகினால் பிளஸ் குறி கீழே இறங்கும்! ஏனென்றால் அந்த அம்புக்குறி சொல்வது தோட்டா விழும் இடத்தை. இழை போகும் இடத்தை அல்ல. கண்ணாடியைப் பார்த்து வகிடு எடுக்கும்போது கை எதிர்ப்பக்கம் போகிறதே, அந்தக் குழப்பந்தான்.

சில ரகத் துப்பாக்கிகளில் பின்புறமிருந்து குழல் வழியே பார்க்க முடியாது. அவற்றுக்கு லேசர் ஒளி வீசும் கருவிகள் வந்துவிட்டன. குழலின் வாயில் செருகும் ரகமும் உண்டு. சுடுவதற்கு முன் அதை ஞாபகமாக வெளியே எடுத்துவிட வேண்டும். மறந்துபோய்க் குதிரையை இழுத்தால் குழலே வெடித்துவிடக்கூடும். பக்கத்தில் நிற்பவர்களுக்கும் ஆபத்து.

இவ்வளவும் செய்தால் குறி சரியாகிவிட்டதா? இல்லை. முதல் தோட்டா அட்டையில் விழும், அவ்வளவுதான். தொலைநோக்கி குழலுக்கு ஒன்றரை அங்குலம் மேலே இருக்கிறது. தோட்டாவோ போகப் போகத் தாழ்கிறது. ஆகவே சுட்டுத்தான் திருத்த வேண்டும். அதுவும் ஒரு குண்டைப் பார்த்துவிட்டுத் திருகக் கூடாது. மூன்று சுட்டு, மூன்றுக்கும் நடு மையம் எங்கே என்று கணக்குப் பார்க்க வேண்டும். குமிழைத் திருகினால் 'டிக், டிக்' என்று சத்தம் கேட்கும். பெரும்பாலான தொலைநோக்கிகளில் ஒரு 'டிக்'குக்கு நூறு கெஜத்தில் கால் அங்குலம் நகரும். 25 கெஜத்திலோ ஓர் அங்குலம் நகர்த்தப் பதினாறு 'டிக்' வேண்டும். இந்தக் கணக்கை மறந்துவிட்டு நாலே 'டிக்'கோடு நிறுத்தி, துப்பாக்கியையும் தொலைநோக்கி செய்த கம்பெனியையும் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாம் சரியான பிறகும் ஒரு கவலை பாக்கி. சுடும்போது ஏற்படும் அதிர்ச்சியில் திருகாணிகள் மெள்ள மெள்ளத் தளர்ந்தால்? அதற்கு ஒரு யுக்தி வைத்திருக்கிறார்கள். திருகாணியின் தலையிலிருந்து வளையம் வரை ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுகிறார்கள். திருகாணி ஒரு நூல் திரும்பினாலும் கோடு ஒடிந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கோட்டை எதனால் போடுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் நகத்துக்குப் போட்டுக்கொள்ளும் க்யூடெக்ஸ்தான்! வீட்டு அலமாரியில் சிவப்புச் சீசா அடிக்கடி காணாமற் போனால், அங்கேயெல்லாம் மனைவிமார் முதலில் தேடுவது கணவனுடைய துப்பாக்கிப் பெட்டியைத்தானாம்.